பன்னிரண்டு சேவல்களும் ஓர் எருமையும்

புதுப் போனைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு மெல்கோர் கொல்லைப்பக்கம் போனபோது, பன்னிரண்டு சேவல் குடில்களில் இரண்டு காலியாக இருந்தன.

அடுப்பில் ஒரு பெரிய சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சி, பச்சைப் பப்பாளி, முருங்கைக்கீரை எல்லாம் சேர்ந்த வாசனை தெருவரைக்கும் போயிருந்தது. பக்கத்தில் பெர்பெத்துவா முக்காலி போட்டு உட்கார்ந்து, தன் போனில் தேவாலயப் பெண்கள் குழுவுக்கு ஏதோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"சட்டியில என்ன?"

"தினோலா."

"அது தெரியுது. உள்ள இருக்கிறது யாரு?"

"யாருன்னு கேட்டா? சேவல்தான்."

"எந்தச் சேவல்?"

"கையில மாட்டின சேவல். ஏன், சொந்தக்காரனா உங்களுக்கு?"

"இன்னொண்ணையும் காணோமே?"

"நேத்து அன்செல்மோ அண்ணன்கிட்ட குடுத்தேன். நம்ம பொண்ணுக்கு ஞானத் தகப்பன், ஒரு சேவல் குடுத்தா குறைஞ்சா போயிடுவோம்?"

மெல்கோர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தான். தலைக்கு மேலே, கூரை இருக்கவேண்டிய இடத்தில், நீலத் தார்ப்பாய் படபடத்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த புயல் கூரையைக் கழற்றி மூன்று வயல் தாண்டிப் போட்டிருந்தது. முந்தின வாரப் பெருமழையில் சோற்றுத் தட்டுக்குள்ளேயே தண்ணீர் விழுந்தது. அன்றைக்குத்தான் மெல்கோர் ஒரு முடிவுக்கு வந்தான். எருமையை விற்றுவிடலாம்.

எருமை என்றால் வயலில் இறங்குகிற எருமை இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட எருமை. ஒரு விளையாட்டுக்குள்ளே, போனில் மட்டும் மேய்வது. கபனாத்துவான் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் அந்த விளையாட்டில் கிடந்த காலத்தில், டிரைசைக்கிள் ஓட்டிச் சேர்த்ததை எல்லாம் போட்டு மெல்கோர் அதை வாங்கினான். கறுப்புக் கண்ணாடி போட்டவை உலகத்திலேயே நூறுதான். "சாணிகூடப் போடாத எருமை" என்று பெர்பெத்துவா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஆனால் மெல்கோருக்கு அதில் மயக்கம் இருந்தது. அவன் வீட்டுப் பத்திரம் முன்பு ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. எருமையின் பத்திரம் போகாது. அது ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றை அழித்தாலும் மற்றவை காட்டிக்கொடுக்கும். முத்திரை கிடையாது, வக்கீல் கிடையாது, ஊர்த் தலைவர் கையெழுத்து கிடையாது. விளையாட்டு கொடுத்த பன்னிரண்டு வார்த்தைகளை வரிசை பிசகாமல் தெரிந்து வைத்திருப்பவன் எவனோ அவனே சொந்தக்காரன். மறந்தால் போனது போனதுதான், புகார் கொடுக்கவும் இடம் இல்லை.

பேப்பரில் எழுதி வைத்தால் கரையான் தின்னும். போனில் வைத்தால் திருடன் பார்ப்பான். மனைவியிடம் சொல்லலாமா என்றால், யாரிடமும் சொல்லாதே என்று விளையாட்டே சிவப்பு எழுத்தில் எச்சரித்திருந்தது. மெல்கோர் மூன்று நாள் யோசித்து, தன்னிடம் இருந்த பன்னிரண்டு சண்டைச் சேவல்களுக்கும் அந்த வார்த்தைகளையே பெயராக வைத்தான். டாக்டர், அங்கிள், ராக்கெட், சாலட் என்று. காலில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்ட வளையம் மாட்டினான். அன்றிரவு அவனைவிட நிம்மதியாகத் தூங்கியவர்கள் அந்த ஊரில் இல்லை.

விடிவதற்குள் அவன் வண்டி எடுத்துவிடுவான். அதனால் தீனி போடுவது பெர்பெத்துவாவின் வேலை. "பேர் சொல்லிப் போடு, வரிசையை மட்டும் மாத்திடாதே" என்று கட்டளை. புயலோடு வெள்ளம் வந்த அன்றுகூட மெல்கோர் முதலில் சேவல்களைத்தான், எண் வரிசைப்படி, உத்தரத்தில் ஏற்றினான். பெர்பெத்துவா கழுத்தளவு தண்ணீரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் முழுகிப் போனது. "பரவாயில்ல, எல்லாம் பத்திரமா இருக்கு" என்று அவன் உத்தரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தப் பத்திரம்தான் இப்போது இஞ்சியோடு கொதித்தது.

புதுப் போன் பன்னிரண்டு பேரையும் வரிசையாகக் கேட்கும். இருக்கிற பத்தையும் முதலில் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முகத்தைப் பார்த்தால் பெயர் வந்துவிடும். முகம் இல்லாவிட்டால் வராது. மனிதர்கள் விஷயத்திலும் அவன் அப்படித்தான். ஐந்தும் ஒன்பதும் இல்லை என்பது தெரிந்தது, அந்த இரண்டு பேர் யார் என்பது மட்டும் தொண்டையில் நின்றது.

அன்செல்மோ வீட்டுக்கு ஓடினான்.

"மச்சான், நேத்து வந்த சேவலை ஒரு தடவை பாக்கணும்."

"எதுக்கு?"

"சும்மா. மூஞ்சியைப் பாத்துட்டுப் போறேன்."

அன்செல்மோ முப்பது வருஷமாகச் சேவல் விடுகிறவன். ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து தான் கொடுத்த சேவலின் மூஞ்சியைப் பார்க்கவேண்டும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் அவனுக்குத் தெரியும்.

"ஓ. அது ஜெயிக்கிற சேவல்னு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்."

"சத்தியமா இல்ல மச்சான்."

"உன் பொண்டாட்டி ஒண்ணும் சும்மா குடுக்கல. ஒரு நாள் வேலைக்கு ஆளோட வரச் சொல்லிக் குடுத்திருக்கா. திருப்பி வேணும்னா ரெண்டு சேவலா குடு."

என்ன வேலை, எதற்கு ஆள் என்றெல்லாம் கேட்க மெல்கோருக்கு நேரம் இல்லை. வீட்டுக்கு ஓடி, பெயர் நன்றாகத் தெரிந்த இரண்டு சேவல்களைத் தூக்கிவந்து கொடுத்தான். ஒன்று போலீஸ், இன்னொன்று டிக்கெட். வாங்கிக்கொண்டு அன்செல்மோ கூடையைத் திறந்தான். உள்ளே இருந்து ஒரு கண் மெல்கோரை முறைத்தது. பெயர் உடனே வந்துவிட்டது.

"மியூசியம்" என்றான் மெல்கோர். கண் கலங்கிவிட்டது.

"அழாத, ஆம்பள. தூக்கிட்டுப் போ."

பாதி வழியில்தான் மியூசியத்தின் காலைப் பார்த்தான். எண் வளையம் இல்லை, வேறு ஏதோ வளையம் இருந்தது. திரும்பி ஓடினான். அதற்குள் அன்செல்மோ போலீஸ், டிக்கெட் இருவரின் வளையங்களையும் நறுக்கி எறிந்துவிட்டு, தன் வளையத்தை மாட்டிக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுக்கு வந்தா என் வளையம்தான். எல்லாரும் பண்றதுதானே?"

"அதுல என்ன நம்பர் இருந்துச்சு?"

"நம்பரா? லாட்டரி ஏதும் வாங்கப் போறியா?"

வெட்டிய துண்டுகளை வாத்து விழுங்கிவிட்டது. மெல்கோர் வாத்தையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அன்செல்மோவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டான். அவசரத்தில் தூக்கிய இரண்டுக்கும் என்ன எண் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. காலையில் இரண்டு இடம் காலி. இப்போது நாலு.

மிச்சம் இருந்தது சட்டியில் கிடப்பவனின் பெயர். கேட்டால் சந்தேகம் வரும். சந்தேகம் வராதபடி கேட்க ஒரு வழி கண்டுபிடித்தான்.

"பெர்பெத்துவா, அந்தச் சேவலோட ஆத்துமாவுக்காக ஜெபிக்கலாம்னு பாக்குறேன். பேர் சொல்லி ஜெபிச்சாத்தானே நல்லாயிருக்கும்?"

அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"உங்க அம்மா செத்தப்பகூட ஜெபமாலைக்கு நடுவுல தூங்கினீங்க."

"மனுஷன் மாறக் கூடாதா?"

"தாராளமா மாறுங்க. உக்காருங்க, மாலை எடுத்துட்டு வரேன்."

சட்டிக்கு எதிரே மண்டிபோட வைத்து, ஐம்பத்துமூன்று மணியையும் ஒன்றுவிடாமல் உருட்ட வைத்தாள். முழங்கால் செத்துப்போனது. கடைசி மணிக்குப் பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"பொட்டேட்டோ. நல்ல சேவல். கர்த்தர் அதுக்கு இளைப்பாற்றியைத் தரட்டும்."

மெல்கோர் கொல்லைக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். நான்கு பெயர், நான்கு இடம். மாற்றி மாற்றிப் போட்டால் இருபத்துநாலு விதம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக்கொடுத்தது அப்போது உதவியது. வாழ்க்கையில் கணக்கு அவனுக்கு உதவியது அந்த ஒரு முறைதான்.

முதல் முறை, தவறு. ஐந்தாவது முறை, தவறு. பன்னிரண்டாவது முறைக்குள் தார்ப்பாய் மேல் தூறல் விழத் தொடங்கியது. "உள்ள என்ன பண்றீங்க?" என்று பெர்பெத்துவா கதவைத் தட்டினாள். "வயிறு சரியில்ல" என்றான். "இன்னும் தினோலாவே சாப்பிடலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினேழாவது முறை திறந்தது.

இன்றே விற்றுவிடலாம். நாளைக்கே தகரம் சொல்லிவிடலாம். சோற்றில் மழை விழாது. இரண்டு மாதமாக இவள் ஒரு வார்த்தை திட்டாமல் தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டியதை நினைத்தான். கூரை வந்து நிற்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டான்.

கண்ணைத் திறந்து பார்த்தான். புல்வெளி இருந்தது. வேலி இருந்தது. எருமை இல்லை.

கீழே ஒரு வரி இருந்தது. இருபத்துமூன்று நாளுக்கு முன் எருமை கைமாறிவிட்டது. பன்னிரண்டு வார்த்தையும் வரிசையும் சரியாகச் சொல்லி, சொந்தக்காரரே அனுப்பி வைத்திருக்கிறார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த வரியைப் படிக்கலாம், யாராலும் அழிக்க முடியாது. இருபத்துமூன்று நாளாக அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

மெல்கோர் வெளியே வந்தான். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. போலீஸிடம் சொல்லலாம் என்றால் போலீஸ் அன்செல்மோ வீட்டில் இருந்தது. திருடு போய்விட்டது என்று பெர்பெத்துவாவிடம் சொல்லி அழுதுவிடலாம் என்றே முடிவு செய்து, அடுக்களைப் பக்கம் இரண்டு அடி வைத்தான்.

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் புதுத் தகரங்கள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் அன்செல்மோவும் நான்கு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் இறங்கி ஒரு சீட்டை நீட்டினான்.

"வீடு மாறி வந்துட்டீங்க தம்பி" என்றான் மெல்கோர். "நாங்க தகரம் எதுவும் சொல்லல."

டிரைவர் சீட்டையும் தார்ப்பாயையும் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சி அடுக்களைப் பக்கம் திரும்பினான்.

"பெர்பெத்துவா அக்கா மூணு வாரத்துக்கு முந்தியே மொத்தப் பணமும் கட்டிட்டாங்களே அண்ணே, 'இனிமே எங்க வீட்டுச் சேவலுங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, தகரம் வர்ற அன்னிக்கு ஒண்ணை அடிச்சு வைக்கிறேன், சாப்பிட்டுட்டுப் போ'ன்னு அவங்கதான் சொன்னாங்க."