பேனர் எத்தின அடி?

கம்பனிக்காரர் படம் எடுத்துக்கொண்டு தருமம் செய்வதைப் பார்த்து மனம் குளிர்ந்த ஒரே மனிதர், இந்தக் கல்முனைக் கரையிலேயே பேனர் காக்காதான்.

எனக்கு அந்தக் கூத்துப் பிடிக்காது. ஆனால் கம்பனியின் கல்முனைக் கிளையில் அதை ஏற்பாடு செய்வதே என் வேலை. பத்து உலர் உணவுப் பொதி, பின்னால் மெனேஜரின் முகம் போட்ட பேனர். பொதி பத்தையும் அடுக்கினாலும் முகம்தான் பெரிது. ஒவ்வொரு முறையும் எப்படியோ மோப்பம் பிடித்து, இடுப்பில் அளவு நாடாவோடு சைக்கிளில் வந்து இறங்குவார், ஊருக்கே அண்ணனான காக்கா.

"தம்பி, பேனர் எத்தின அடி?"

"பத்துக்கு ஆறு."

"காணாது. பதினாறுக்குப் பத்து போடுங்க. மெனேஜர் சேர்ட மொகம் வடிவா விழட்டும்."

விழாவில் எல்லாரையும்விட உரக்கக் கை தட்டுவார். முடிந்ததும் தானே பேனரை அவிழ்த்துச் சுருட்டி, சைக்கிளில் கட்டிக்கொண்டு மறைந்துவிடுவார்.

"இந்த வயசில என்னத்துக்குக் காக்கா வால் பிடிக்கிறீங்க?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"ஓம் தம்பி" என்று சிரித்தார்.

ஒரு மழை நாளில், விழாவுக்கு வராத ஒரு வீட்டுக்குப் பொதி கொடுக்கச் சாய்ந்தமருதுக் கரைக்குப் போனேன். துருப்பிடித்த கூரைத் தகரத்தின் மேல் எங்கள் பேனர். மெனேஜர் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி நனைந்துகொண்டிருந்தார். உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"மொகத்த உள்பக்கம் போட்டா, உருவத்த வெச்சிக்கிட்டு வீட்டுக்காரர் எப்பிடித் தொழுற?" என்றார், கூரையில் கயிறு இறுக்கிக்கொண்டிருந்த காக்கா.

இந்த வருடம் புது மெனேஜர். பேனர் வீண், முகநூலில் போட்டால் போதும் என்றார். வருடக்கணக்காக நான் கத்தியதும் அதைத்தான். அந்தக் கிழமையே காக்கா வந்தார்.

"இருபதுக்குப் பன்னிரண்டு வேணும் தம்பி. ஹாஜறா ராத்தாட கூரை முழுக்க ஓட்ட. மழை பெஞ்சா மூணு புள்ளைகளும் பாயச் சுருட்டிக்கிட்டு மூலைக்கி மூலை ஓடுதுகள். மாரிக்கு இன்னும் ரெண்டு கிழமதான்."

ஹாஜறா, புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள். இனிப் பேனர் இல்லை என்றேன். காக்கா நாடாவை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். அவர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

மெனேஜரிடம் உண்மையைச் சொல்லலாம். தலைமை அலுவலகம் ஒரு கூரைக்கு ஆறு படிவம் கேட்கும். மாரி அதுவரை காத்திருக்காது. நேரே அவர் அறைக்குள் போனேன்.

"சேர், பேனர் இல்லாமக் குடுத்தா ஆரு குடுத்தெண்டு ஒரு குருவிக்கும் தெரியாது. ஒங்கட மொகம் வேணும்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "எவ்வளவு பெருசு?"

"இருபதுக்குப் பன்னிரண்டு."

"கூடிப்போச்சோ?"

"ஒங்கட மொகத்துக்கு அது சின்னன், சேர்."

பேனர் வந்தது. விழா முடிந்தது. மறுநாள் ஏணியில் நின்று ஹாஜறாவின் கூரையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த காக்கா கீழே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இப்ப ஆரு வால் பிடிக்கிற?"

ஏணி ஆடியது. காக்காவுக்கு எழுபது வயது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.