சுருதி என்பது யாதெனில்

இசையை ஒலியின் பிடியிலிருந்து மீட்ட பெருமை, உலகிலேயே எங்கள் இசைப் பள்ளி ஒன்றுக்குத்தான் உண்டு.

மற்ற இடங்களில் பாட்டுக் கற்க வருகிறவர்கள் முதல் நாளே வாயைத் திறந்துவிடுகிறார்கள். எங்களிடம் அந்த அநாகரிகம் கிடையாது. முதலாண்டில் 'அடிப்படைச் சொற்கள்': சுரம், சுருதி, தாளம், லயம் என்று நாற்பது சொற்களுக்கு விளக்கம். இரண்டாம் ஆண்டில் அந்த விளக்கங்களுக்கு விளக்கம். தம்புரா கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. மாணவர்கள் விரலை வைத்துவிடுகிறார்கள் என்பதால் தந்திகளைக் கழற்றி உறையில் போட்டு, உறைக்கு எண்ணும் கொடுத்துவிட்டோம்.

சுருதி என் பாடம். அதன் விளக்கம் பதினேழு சொற்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் ஒரு சொல்லை மாற்றியதில்லை. என் மனைவிக்குக்கூட மனப்பாடம். அவள் விரும்பிக் கற்றதல்ல.

இப்படிப்பட்ட பள்ளியில்தான் அந்த விபரீதம் நடந்தது. தையற்கடைக்காரரின் மகள் மூன்றாம் முறையாக, அதாவது விதிப்படி கடைசி முறையாக, தேர்வு எழுதினாள். தேறினால் ஒரு தொடக்கப் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை. தேறாவிட்டால் ஆயுசுக்கும் அப்பா கடையில் காஜா எடுக்க வேண்டியதுதான். 'சுருதி என்றால் என்ன?' என்ற கேள்விக்கு அவள் எழுதியிருந்த விடை: 'கூப்பிட்டால் பாடிக் காட்டுகிறேன்.'

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர், தாளப் பேராசிரியர், குறிப்பேட்டோடு நான்.

"இது பதிலா, மிரட்டலா?" என்றார் தாளப் பேராசிரியர்.

"கூப்பிட்டுத்தான் பாப்போமே. நாளைக்கு நம்ம மேல பழி வரக் கூடாது" என்றார் தலைவர்.

வந்தாள். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது, கழற்ற மறந்திருந்தாள்.

"ஏம்மா, மொத்தமே பதினேழு வார்த்தை. அதுகூடவா மனசுல நிக்கல?" என்றார் தலைவர்.

"நிக்குது சார். எழுத உக்காந்தா, இதுவா சுருதின்னு சந்தேகம் வந்துடுது."

"சந்தேகமெல்லாம் ரெண்டாம் வருஷத்துலகூடக் கிடையாதேம்மா" என்றார் தாளப் பேராசிரியர், உண்மையான கவலையோடு.

பாடச் சொன்னோம். கண்ணை மூடி 'ச'வைப் பிடித்து நிறுத்தினாள். மேலே போனாள், இறங்கினாள், புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள் என்று நினைக்கிறேன். மேசைக்கடியில் தாளப் பேராசிரியரின் கால் ஆடியது. அதைக் கண்டுகொண்ட அவர், மற்றொரு காலால் அதை மிதித்து அடக்கினார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்க பாடம். சேந்துதா, சேரலையா?"

இருபத்திரண்டு ஆண்டுகளில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. பாடத்திட்டத்திலேயே இல்லை. இத்தகைய நேரத்தில் அறிஞனுக்குக் கைகொடுப்பது நிதானம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டிக்கொண்டேன்.

"சேரல."

சேர்ந்தது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சேரவில்லை என்று சொல்பவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவள் கேட்டாள். "எந்த இடத்துல சார் விலகுச்சு? சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்."

"ஒண்ணா ரெண்டா" என்றேன், பெருந்தன்மையோடு.

'மாணவிக்குச் சுருதி சேரவில்லை. தேறவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். "சரிங்க சார்" என்று படியிறங்கிப் போனாள்.

தேநீர் வந்தது. குடித்து முடிக்கிற நேரம், ஆர்மோனியம் ரிப்பேர்க்காரர் கதவைத் தட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை வந்து, யாரும் வாசிக்காத எங்கள் பெட்டியைப் பக்கத்து அறையில் சரிசெய்துவிட்டுப் போகிறவர்.

"முடிஞ்சுதுங்க ஐயா. சுருதிக் குழலை வீட்லயே விட்டுட்டு வந்து முழிச்சுக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, இங்க ஒரு பொண்ணு பாடுச்சு. அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டே, பிசகியிருந்த மூணு கட்டையையும் சேத்துட்டேன். ஒரு இழை விலகலை. யாருங்க அது, புது டீச்சருங்களா?"

தாளப் பேராசிரியர் காலிக் கோப்பையை இன்னொரு முறை குடித்தார்.

"பெட்டி இப்ப சரியா இருக்கா?" என்றார் தலைவர்.

"வாசிச்சுப் பாருங்களேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னால் சரிதான் என்று ஒருமனதாக முடிவாயிற்று. நான் குறிப்பேட்டைத் திறந்து, மாணவியின் வரிக்கு நேர் கீழே, 'பெட்டிக்குச் சுருதி சேர்ந்தது' என்று எழுதினேன். மூவரும் கையெழுத்திட்டோம்.

பிறகுதான் இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தேன். எங்கள் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள இனி ஒருவருக்குக் காது வேண்டாம், கண் போதும். ஆகவே குறிப்பேட்டை உள்ளே வைத்துப் பூட்டினேன்.