செலக்‌ஷன் மேடம்

வேலை போன மறுநாள் காலையில் நல்லசிவம் ஒரு சபதம் எடுத்தார். தினம் ஒரு டெமோ பதிவு செய்வது, தினம் ஒரு ஸ்டேஷனுக்கு அனுப்புவது, வேலை கிடைக்கும்வரை ஓய்வதில்லை. பதினேழு வருஷம் எஃப்.எம்.மில் காலை நிகழ்ச்சி நடத்திய அதே குரலில் மனைவி தேவானையிடம் இதை அறிவித்தார். அவள் காபி டம்ளரை நீட்டி, குடித்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னாள்.

இனி எல்லா ஊருக்கும் ஒரே காலை நிகழ்ச்சி, அது வேறு ஊரிலிருந்து வரும் என்று சொல்லித்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மூன்று வாரம் சபதம் ஓடியது. பிறகு பதில்கள் வந்தன. ஒரு ஸ்டேஷன் அவர் குரல் ரொம்ப முதிர்ச்சியாக இருக்கிறது என்றது. இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டது. பதினெட்டுப் பேர். அதில் நாலு பேர் மாமியார் வீட்டு வகையறா. மூன்றாவது ஸ்டேஷன் பதிலே போடவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. ரேடியோவில் மூன்று விநாடி சத்தம் நின்றாலே ஸ்டேஷன் முழுக்கப் பதறும். இங்கே மூன்று வாரமாக நின்றிருந்தது.

அதற்கப்புறம் போன் சிணுங்கினாலே எடுத்துக் கவிழ்த்து வைத்தார். கேஸ் சிலிண்டர் மெசேஜைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

சைதாப்பேட்டை வீட்டில் தெருச்சத்தம் புகாத ஒரே இடம் தேவானையின் புடவை அலமாரி. பதிவுக்கு அதற்குள்தான் உட்காருவார். உட்கார்ந்தார். மைக்கைப் பிடித்தார். வாய் திறக்கவில்லை. ஆன் ஏரில் இருந்த மனுஷன் அலமாரியில் இருந்தார். அரை மணி கழித்து, தோளில் ஒரு ஜாக்கெட் தொங்க வெளியே வந்து, "அனுப்பிட்டேன்" என்பார். இப்படி ஒன்றரை மாதம் எதையும் அனுப்பாமலே அனுப்பிக்கொண்டிருந்தார்.

தேவானை கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயம் தனி. அவள் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப்புடவைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். வருகிறவர் புடவைக்கு வந்தவரா, ஏ.சி.க்கு வந்தவரா என்று மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிடுவாள்.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. புது வானொலிக்கு அறிவிப்பாளர் தேர்வு. இருபது நாள், இருபது தலைப்பு. தினமும் காலை பதினொரு மணிக்குள் இரண்டு நிமிடக் குரல்பதிவு வர வேண்டும். எல்லாம் சொந்த அனுபவமாக இருக்க வேண்டும், கற்பனை என்றால் கண்டுபிடிக்கப்படும். கீழே, 'செலக்‌ஷன் மேடம்'.

'கண்டுபிடிக்கப்படும்' என்ற வார்த்தையில் நல்லசிவத்துக்கு வியர்த்துவிட்டது. யார் என்று கேட்க அழைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒரு 'ஹலோ'வில் ஆளைச் சொல்லிவிடுவார், அவர் காது அப்படி. மேடமோ எழுத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

முதல் நாள் தலைப்பு, டீக்கடை. பயந்துகொண்டே பேசி அனுப்பினார். 'கேட்டோம்' என்று ஒரு சொல் பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை அன்று முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தார்.

இரண்டாம் நாள், மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்குதல். வெண்டைக்காயை ஒடிக்கத் தெரியாமல் அவர் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கடைக்காரம்மா, "இன்னா சார், வூட்ல தொரத்திட்டாங்களா?" என்றாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று அதையும் பதிவில் சேர்த்தார்.

பிறகு தலைப்புகள் வீட்டுக்குள் வந்தன. பரணைச் சுத்தம் செய்தல். மின்விசிறி துடைத்தல். வாழைப்பூ ஆய்தல். வானொலிக்குத் தேர்வா, வீட்டொலிக்குத் தேர்வா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனால் பயம் சந்தேகத்தைவிடப் பெரியதாக இருந்தது. ஒருநாள் நாலு நிமிஷம் தாமதமானதற்கு மேடம், 'இன்னொரு முறை நடந்தால்...' என்று எழுதி மூன்று புள்ளி வைத்திருந்தாள். அந்த மூன்று புள்ளியில் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கை முழுக்க வாழைப்பூக் கறையோடு நின்ற கணவனைப் பார்த்துத் தேவானை, என்ன திடீரென்று என்று கேட்டாள். சும்மா ஒரு உதவிதான் என்றார். அப்படியா என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குக் கிளம்பினாள். சிரிக்கக்கூட இல்லை.

பதினைந்தாம் நாளுக்காக முந்தின இரவே வந்த தலைப்பு, ஊரிலிருந்து வரும் மாமியாரை எழும்பூர் ஸ்டேஷனில் வரவேற்றல். மறுநாள் காலைதான் மாமியார் இசக்கியம்மாள் திருநெல்வேலியிலிருந்து வருவதாக இருந்தது. இப்படியும் ஒரு அதிர்ஷ்டம் கூடி வருமா என்று நல்லசிவம் அதிசயித்தார். மூன்று பை, ஒரு அரிசி மூட்டையோடு அந்த அம்மாளை நங்கநல்லூரில் மச்சினன் வீட்டில் கொண்டுபோய் விட்டு, மூச்சு வாங்க வாங்கப் பேசி அனுப்பினார். 'கேட்டோம். மூச்சு வாங்கியது நன்றாக இருந்தது' என்று பதில் வந்தது.

இருபதாம் பதிவும் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு போன் அடித்தது. ஒரு ஆண் குரல். அடையாறில் ஸ்டேஷன், பதினொரு மணிக்கு நேரில் வர முடியுமா என்று கேட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு நல்லசிவம் நேராக அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேவானை கதவைத் திறந்தாள்.

"நான் போகலை தேவானை," என்றார் அவர். "நேர்ல பார்த்துட்டு வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் என்னால எழுந்திருக்க முடியாது. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒன்றரை மாசமா நான் யாருக்கும் எதுவும் அனுப்பவே இல்ல."

"தெரியும்," என்றாள். அவர் காலடியில் கிடந்த புடவையை எடுத்து மடித்தாள். "அலமாரிக்குள்ள அரை மணி உக்காந்த ஆளு, ஒரு சத்தமும் இல்லாம வெளிய வந்தா என்ன அர்த்தம்? செலக்‌ஷன் மேடம் நான்தான். கடையில சும்மா கிடந்த சிம்மு."

கோபம் வர வேண்டிய இடம் என்று நல்லசிவத்துக்குத் தெரிந்தது. வரவில்லை.

"எங்க செக்‌ஷன்ல எட்டுப் பொண்ணுங்க. தினம் பதினொரு மணிக்கு, கடையில கூட்டம் சேருறதுக்குள்ள சுத்தி உக்காந்து கேட்டோம். வாழைப்பூ அன்னிக்கு ஒருத்தி சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. உங்களுக்கு மைக்கு பயமில்லீங்க. வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னுதான் பயம். அதான் வேணாம்னு சொல்லாத ஒரு ஆளா நான் இருந்தேன்."

அவர் மெல்ல மூச்சு விட்டார். "அப்ப இன்னிக்குப் பேசின ஆளு உங்க கடைக்காரரா?"

"இல்ல. இருபதையும் அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பிவெச்சேன். பேசினது நெசமாவே அவங்கதான்."

பொய்யான தேர்வு என்று தெரிந்து வடிந்த பயம், நிஜம் என்று தெரிந்ததும் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. ஆனால் தேவானை ஏற்கெனவே சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஆட்டோவும் வாசலில் நின்றது.

அடையாறில் ஸ்டேஷன் மேலாளர் ஹம்மாத் எழுந்து வந்து கை கொடுத்தார். தேர்வு எதுவும் வைக்கவில்லை. பதிவுகளை எல்லாருமே கேட்டாகிவிட்டது, இன்றே சேரலாம் என்றார். நல்லசிவத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. பழைய குரல் தொண்டைக்கு வந்தது. பதினேழு வருஷ அனுபவம், காலை ஆறு மணி நிகழ்ச்சி தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொன்னார்.

ஹம்மாத் கொஞ்சம் சங்கடத்தோடு ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மத்தியானம்னுதானே சார் போட்டிருக்கோம்? காலையில வீட்டு வேலையெல்லாம் நீங்கதான் பாக்கணும், பதினொரு மணிக்கு முன்னால ஷோவே குடுக்கக் கூடாதுன்னு உங்க மேனேஜர் மேடம் கண்டிஷன் போட்டிருக்காங்களே."