ராகு காலத்துக்கு முந்தி கம்ப்யூட்டர் ஸ்பீடைக் கூட்டின கதை

"அம்மா, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு பழைய கம்ப்யூட்டர் இருக்குது"ன்னு எங்கிட்ட முதல்ல சொன்னது என் பெரிய மகன் முருகேசன்தான். தொண்ணூறுகளோட கடைசி, ஆயுத பூஜை முடிஞ்ச வாரம். மானிட்டர்ல நான் வெச்ச சந்தனப் பொட்டைத் துடைச்சுக்கிட்டே சொன்னான்.

காலேஜ்ல படிக்கறப்ப அவன் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வெச்சிருந்தான். டிவியில சொருகணும், டேப் ரெக்கார்டர்ல கேசட் போடணும், அது கீ...ன்னு கத்தி முடிச்சாத்தான் வேலை ஆரம்பிக்கும். கல்யாணப் பொருத்தம் பாக்கற புரோகிராம் ஒண்ணை அவனே அதுல எழுதியிருந்தான். ஒரு நாள் வோல்டேஜ் எகிறி அந்த மிஷின் போய்ச் சேர்ந்துடுச்சு.

இப்ப புது கம்ப்யூட்டர்ல எமுலேட்டர்னு ஒண்ணு போட்டு, அந்தப் பழைய கேசட்டையும் உள்ள ஏத்தியிருக்கானாம். புது மிஷினு பழைய மிஷினு மாதிரியே வேஷம் கட்டுமாம். சும்மா வேஷமில்லீங்க! அதோட கத்தல், அதோட சோம்பேறித்தனம், எல்லாம் அச்சு அசல்!

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. அந்த வேஷக்காரனை ஓட்டிக் காட்டணும்.

யாருக்கு? தளியிலிருந்து வர்ற லட்சுமம்மாவுக்கு. அவங்க மகன் நாகராஜுக்கு என் மக கலாவைக் கேட்டிருந்தாங்க. பையனும் பொண்ணும் ஓசூர்ல ஒரே கம்பெனி பஸ்ஸுல போறவங்க. கலா வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த வாரம் பூரா ரசத்துல உப்பு போட மறந்தா. பெத்தவளுக்கு அது போதாதா?

ஜோசியர் ஏற்கெனவே பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு எழுதிக் கொடுத்தாச்சு. லட்சுமம்மாவுக்குத்தான் திருப்தியில்ல.

"ஜோசியரு மனுஷன்தானே அக்கா? மூஞ்சியப் பாத்து எட்டுங்கறாரு. மிஷினு யாருக்கு பயப்படணும்? உங்க வீட்டுக் கம்ப்யூட்டரு சரின்னா எனக்கும் சரி. வேணாம்னா, மனசுல வெச்சுக்காதீங்க."

இப்படிச் சொல்லிட்டாங்க. என் பொண்ணு வாழ்க்கை அந்தப் பெட்டிக்குள்ள போயிடுச்சு.

மூணு மணிக்கு வர்றதாப் பேச்சு. ரெண்டரைக்கு முருகேசனைக் கூட்டிக்கிட்டுப் போக கம்பெனி ஆள் வந்துட்டான். அங்க ஏதோ மிஷின் பிரேக்டவுனாம்.

"அம்மா, எல்லாம் செட் பண்ணி வெச்சுட்டேன். எண்டரை அமுக்கு, கேசட் லோடு ஆவும். பொண்ணுக்கு எத்தனாவது நட்சத்திரம்னு கேக்கும், நம்பர் போடு. அப்பறம் பையனுக்குப் போடு. அவ்ளோதான். செட்டிங்ஸ் பக்கம் மட்டும் போவாத."

"நான் எதுக்குடா அங்கல்லாம் போறேன்?"ன்னேன்.

நல்லாத்தான் சொன்னேன்.

தளி பஸ்ஸு வழியில பஞ்சர். அம்மாவும் மகனும் வந்து சேர்ந்தப்ப நாலு தாண்டிடுச்சு. ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துடும். லட்சுமம்மா செருப்பைக் கழட்டறதுக்கு முந்தியே செவத்துக் கடிகாரத்தைத்தான் பாத்தாங்க.

"ராகு காலத்துக்கு முந்தி பாத்துடலாம் அக்கா. காப்பியெல்லாம் அப்பறம்."

எண்டரை அமுக்கினேன். ஸ்கிரீன்ல கோடு கோடா கலர் ஓடுச்சு. கீ...ன்னு கத்தல். கத்துது, கத்துது, கத்திக்கினே இருக்குது! நாகராஜ் பாவம், மரியாதைக்காகக் காதைப் பொத்தாம உக்காந்திருந்தான்.

"இன்னும் எவ்ளோ நேரம் அக்கா?"

"பழைய மிஷினு, கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

"புதுசு மாதிரி பளபளன்னு இருக்குதே?"

"புதுசுதான். பழசு மாதிரி நடிக்குது."

"ஏன் நடிக்கணும்?"



மெதுவா சமையக்கட்டுக்கு நழுவினேன். கலா பஜ்ஜி எடுத்துக்கினு இருந்தா.

"கலா, அந்த செட்டிங்ஸ் எங்கடி இருக்குது?"

"அம்மா! அண்ணன் வேணாம்னு சொன்னாரில்ல?"

"நாலரை ஆவப்போவுதுடி."

கலா கடிகாரத்தை எட்டிப் பாத்தா. அப்பறம் குசுகுசுன்னு, "மேல் வரிசையில F10"ன்னா.

திரும்பி வந்து F10ஐ அமுக்கினேன். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். சவுண்டு. கலர். ஜாய்ஸ்டிக், அது யாரோ என்னமோ. ஸ்பீடு! அதுல நார்மல்னு இருந்துச்சு. நகர்த்தினா டபுள். இன்னும் நகர்த்தினா மேக்ஸிமம்.

நல்ல காரியத்துக்கு எதுக்குக் கஞ்சத்தனம்? மேக்ஸிமம் வெச்சேன்.

கீச்! ஒரே கத்தல்ல கேசட் முடிஞ்சு போச்சு.

"தேவ்ரே! எஷ்டு பேக!"ன்னு லட்சுமம்மா கன்னடத்துலயே அசந்து போனாங்க. கடவுளே, எவ்ளோ சீக்கிரம்னு அர்த்தம். எனக்குத் தலைகால் புரியல.

பொண்ணு நட்சத்திரம் என்னன்னு மிஷின் கேட்டுச்சு. கலா ரோகிணி. நாலாவது நட்சத்திரம். நாலு மேல விரலை வெச்சேன்.

எனக்கொரு பழக்கம். நல்ல காரியத்துல கை வெச்சா, சாமி பேரைச் சொல்லி முடிக்கற வரைக்கும் கையை எடுக்க மாட்டேன். எங்க சாமி யாரு? மலைக்கோயில் சந்திரசூடேஸ்வரர். பேரோட நீளத்தைப் பாருங்க! வெறும் முருகான்னு கும்பிடறவளா இருந்தா தப்பிச்சிருப்பேன்.

"சந்திரசூடேஸ்வரா, என் பொண்ணுக்கு நல்ல வழி காட்டுப்பா."

கண்ணைத் திறந்தா ஸ்கிரீன் பூரா நாலு! வரிசை வரிசையா நாலு!

"உங்க பொண்ணுக்கு எத்தினி நட்சத்திரம் அக்கா?"

பதறிப்போய் எண்டரை அமுக்கினேன். அதுக்கும் ஒரு சந்திரசூடேஸ்வரா.

டொய்ங்! ஒரு வரி வந்துச்சு. மறுபடியும் டொய்ங், அதே வரி. டொய்ங் டொய்ங்னு ஸ்கிரீனே ரொம்பி மேல ஓடுது. லட்சுமம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது.

"என்னடா அது, நாகராஜு? படிச்சுச் சொல்லு."

"ஒண்ணுமில்லம்மா."

"படிடான்னா!"

"போய் தூங்குன்னு போட்டிருக்கும்மா."

"யாரை?"

"தெரியலம்மா. திருப்பித் திருப்பிச் சொல்லுது."

தப்பான நம்பர் போடறவங்களுக்குன்னு காலேஜ் காலத்துல முருகேசன் எழுதி வெச்ச குசும்பு அது!

லட்சுமம்மா எழுந்துட்டாங்க. "பொண்ணு கேக்க வந்தவங்கள மிஷின வுட்டு தூங்கச் சொல்றீங்களா?"

ஓடிப்போய் சுவிட்சை அணைச்சேன். டொய்ங் நின்னுச்சு. கடிகாரத்தைப் பாத்தா சரியா நாலரை. போச்சு!

அந்த அமைதியில சமையக்கட்டுலருந்து புர்ருன்னு ஒரு சத்தம். கலா! முந்தானையால வாயப் பொத்தியும் சிரிப்பு அடங்கல. அதைக் கேட்டு நாகராஜும் வெடிச்சுச் சிரிச்சுட்டான். ஒருத்தர் நிறுத்தினா இன்னொருத்தர் ஆரம்பிக்கறாங்க.

லட்சுமம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க.

"ஓஹோ! கம்பெனி பஸ்ஸுல தினமும் இதுதான் நடக்குதா?"

ரெண்டு வாயும் ஒரே நேரத்துல மூடுச்சு.

லட்சுமம்மா திரும்ப உக்காந்தாங்க. "மிஷின வுடுங்க அக்கா. எனக்குப் பதில் கிடைச்சுடுச்சு."

"என்ன பதில்மா?"

"ராகு காலத்துல சொல்ல மாட்டேன். ஆறுக்கு மேல சொல்றேன். அந்த பஜ்ஜியக் கொண்டாங்க."

ஒண்ணரை மணி நேரம்! பஜ்ஜி தீர்ந்துச்சு. காப்பி ரெண்டு சுத்து வந்துச்சு. தளி முட்டைக்கோஸ் விளைச்சல் பத்தி இருந்த பேச்செல்லாம் பேசி முடிச்சோம். அப்பறம் நாலு பேரும் கடிகாரத்தையே பாத்துக்கினு உக்காந்திருந்தோம். ஆறு அடிச்சதும் லட்சுமம்மா தொண்டையச் சரி பண்ணிக்கிட்டாங்க.

"வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்."

அவங்க பஸ் ஏறினப்பறம்தான் முருகேசன் வந்தான். கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டான். "ஸ்பீடைக் கூட்டினா, நீ கொஞ்ச நேரம் அமுக்கறது அதுக்கு ரொம்ப நேரம் அமுக்கற மாதிரிம்மா! அதுல சாமி பேர் வேற!" திரும்ப நார்மலுக்கு வெச்சு, கேசட்டைக் கத்த விட்டு, ரெண்டு பேர் நம்பரையும் ஒழுங்காப் போட்டான்.

பத்துக்கு நாலு.

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். கலாதான் எழுந்து போய் சுவிட்சை அணைச்சா.

இப்ப அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. வீட்ல சிரிப்புக்கும் சண்டைக்கும் பஞ்சமில்ல. பத்துக்கு நாலுங்கற விஷயத்தை மலைக்கோயில்ல சாமிகிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

நீங்க தளிப் பக்கம் போனா லட்சுமம்மாவைப் பாக்காம வராதீங்க. முட்டைக்கோஸ் கொடுப்பாங்க, வாங்கிக்கங்க. அந்த நாலை மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.