வண்டிமேல் குற்றமா, அப்பாமேலா

ஒத்தக்கடை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஆன்றோ அண்ணனுக்கு,

தங்கை ஆஷ்லின் எழுதிக்கொள்வது. கத்தாரில் நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க, நீ அப்பாவுக்கு வாங்கித் தந்த காரின் டாஷ்போர்டில் சிலையாக நிற்கும் அந்தோனியாரை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான். அந்தோனியாருக்கே ஒரு கை உடைந்திருக்கும்போது அப்படி எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்ததும் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அதனால் கடிதம். ஜெஸி டீச்சரின் மகன் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

வந்த நாளிலிருந்தே வண்டிக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஆயுள் முழுக்க வகுப்பில் யாரையும் பேசவிடாமல் பழகியவர். வண்டியோ பெல்ட் போடாவிட்டால் கூவுகிறது, கதவைச் சாத்தாவிட்டால் கூவுகிறது. "தெரியும், உக்காரு" என்று அதை அதட்டுவார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த வண்டி என்பதால், அதற்குள் யாரும் செருப்புக்கால் வைக்கக்கூடாது என்று அம்மா வேறு சட்டம் போட்டுவிட்டாள். எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறுவோம், ஏறியதும் அவரவர் காலடியில் வைத்துக்கொள்வோம். முதல் சேதம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். அப்பா வண்டியைப் பின்னால் எடுக்கிறார், அம்மா இறங்கி நின்று கை காட்டுகிறாள், அந்த நேரம் பார்த்து ஜெஸி டீச்சர் எதிரே வர, அம்மா வாய் நிறைய "வாங்க, வாங்க" என்றாள். அப்பா வந்துவிட்டார். இளநீர்க் குவியல் மொத்தமும் ரோட்டில் உருண்டது. கடைக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏண்ணே, ஏறி வந்துதான் குடிக்கணுமா? கேட்டா வெட்டித் தரமாட்டேனா?" அப்பா அதற்கும் வண்டியின் கேமராவைத்தான் குற்றம் சொன்னார். அதனால்தானோ என்னவோ, பிறகு நடந்த பெரிய விஷயத்தில் அவர் சொன்னதை நம்ப ஆளில்லாமல் போய்விட்டது.

போன மாதம் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். எதிர்வீட்டு முத்திருளன், வாடிப்பட்டிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறாரே, அவர் தன் வீட்டு வாசலில் பைக்கில் உட்கார்ந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா தெருவில் மெதுவாகத்தான் திரும்பினார். வண்டி நிற்கவில்லை, பைக்கில் மோதித்தான் நின்றது. அந்தோனியாரின் கையும் அதில்தான் போனது. முத்திருளன் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. அப்பா வெறுங்காலோடு குதித்து ஓடி அவரைத் தூக்கி, ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கெட்ட நேரம் தனியாக வராது என்பார்களே, அந்தக் கலவரத்தில் அவருடைய செருப்பில் ஒன்றைத் தெருநாய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அன்றிலிருந்து குளியலறை ரப்பர் செருப்போடுதான் நடமாடுகிறார்.

கார் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்தான். வண்டிக்குள் ஒரு வயரைச் செருகி, மடியில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான். "சார் பிரேக்கை மிதிக்கவே இல்லை. வண்டியில பதிவாகல" என்றான். "மிதிச்சேன் தம்பி. எலும்பு வலிக்க மிதிச்சேன். அது இறங்கல" என்றார் அப்பா. "இறங்காம எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். முத்திருளன் நல்ல மனிதர், "சார் என்ன செய்வாரு, வண்டி கூறுகெட்டது" என்கிறார். அவர் மனைவி முத்துத்தாய் விடவில்லை. "வண்டிக்குத்தான் கண்ணு இல்ல. உள்ள உக்காந்திருந்தவருக்குமா இல்ல?" என்று, எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து, கோழியிடம் சொல்வதுபோல் சொல்கிறார்.

இந்த வகைப் புகார்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எங்கும் ஒரே கதைதான். ஓட்டியவர் வண்டி என்கிறார், வண்டியைச் செய்தவர் ஓட்டியவர் என்கிறார், நடுவில் ஒருவர் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். ஆனால் நம் வீட்டில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது, அண்ணே. அப்பா கோயிலில் நற்கருணை வாங்குவதை நிறுத்திவிட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், எல்லாரும் எழுந்து போகும்போது கால்களை ஒடுக்கி வழி விடுகிறார். தப்பு அவருடையது என்றால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். வண்டியுடையது என்றால் செய்யாத பாவத்தை எப்படிச் சொல்வது? "சந்தேகமா இருந்தா பொதுவா சொல்லிருங்க தனிஸ்லாஸ்" என்றார் சாமியார். "கணக்கு வாத்தியாருங்க நான். விடை தெரியாம எப்படி எழுதுறது?" என்று திரும்பி வந்துவிட்டார். வீட்டிலும் தட்டில் சோற்றைப் பிசைகிறார், சாப்பிடுவதில்லை.

அதனால் நீ கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடுமையாக ஒரு கடிதம் எழுது. வண்டியில் கோளாறு இருக்கலாம் என்று அவர்கள் அரை வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அப்பா சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வண்டிக்குள் பொறித்திருக்கும் எண்களைக் கேட்டிருந்தாய், இப்போதே போய்க் குறித்து இதோடு வைக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். ஒரு கையாவது இருக்கிற அந்தோனியார் உங்களைக் காக்கட்டும்.

உன் தங்கை,
ஆஷ்லின்.

பின்குறிப்பு: கம்பெனிக்கு எழுதாதே. எண்ணைக் குறிக்கப் போன இடத்தில் பேனா விழுந்து ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் உருண்டது. கையை விட்டுத் துழாவினேன். அப்பாவின் செருப்பு வந்தது. அதன் நடுவில், பிரேக் பெடலின் பின்விளிம்பு அழுந்தி, குறுக்கே ஒரு பள்ளம். துடைத்து வாசலில் போட்டுவிட்டு, "நாய் திரும்பக் கொண்டுவந்து போட்டுருச்சுப்பா" என்றேன். அப்பா எடுத்துப் பார்த்தார். விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். "நாய்க்கு ஆண்டவர் இம்புட்டு நேரா பல்லு வைக்கலையேம்மா" என்றார். "வண்டிக்குள்ள போடாதீங்கன்னுதானே சொன்னேன், பிரேக்குக்கு அடியில வைக்கவா சொன்னேன்?" என்று தொடங்கிய அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு அப்பா எதிர்வீட்டுக்குப் போனார். பிறகு முத்துத்தாயின் குரல் மட்டும் கேட்டது: "வண்டிதான்னு நானே இப்பத்தான் மனசத் தேத்திக்கிட்டேன். இத எதுக்கு சார் வந்து சொல்றீக?"

அப்பா வெறுங்காலோடு திரும்பி வந்தார். "சோறு இருக்கா பிலோமினா?" என்று அம்மாவைக் கேட்டார். நானும் அம்மாவும் தட்டுக்கு ஓடினோம். செருப்பு இன்னும் அவர்கள் வாசலில்தான் கிடக்கிறது. போய் எடுத்துவர எங்கள் இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.