முதலாவது வரியில் ஒரு 786

786
கல்முனைக்குடி,
14.07.2009

அன்புக்குரிய மருமகன் இஹ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமா முத்தலிப் எழுதுகிறேன். அல்லாஹ்வின் அருளால் இங்கு எல்லோரும் சுகம். கத்தாரில் வெயிலுக்குள் நிற்கும் உங்கள் உடம்புக்காக ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். உங்கள் மகனுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் முளைத்திருக்கிறது. முதலில் என் விரலைத்தான் கடித்துப் பார்த்தான். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாமே என்பீர்கள். நான் சலாம் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் பெண்சாதி றாஹிலா போனைப் பறித்துவிடுகிறா. ஆகவே கடிதம்.

விடயம் நமது இணையத்தளம் சம்பந்தமானது. சுனாமித் தண்ணீரில் ஊறிய, பிள்ளைகளின் சேர்வு பதியும் புத்தகங்களான பாடசாலைச் சேர்விடாப்புகளை நான் பக்கம் பக்கமாகக் காயவைத்து எடுத்ததும், போன லீவில் நீங்கள் அவற்றைப் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றியதும், படம் பிடித்து முடிந்த கையோடு தாள்கள் பொடிப்பொடியாய் உதிர்ந்துபோனதும் உங்களுக்குத் தெரியும். ஆக, அந்தப் பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள், எந்த வகுப்பில் சேர்ந்தார்கள் என்பதற்கு இப்போது இருக்கிற ஒரே சாட்சி அந்தத் தளம்தான். பெயரை அமுக்கினால் அந்தப் பக்கம் கோப்பாக இறங்கி வரும் என்று சொல்லி, கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்துவிட்டு விமானம் ஏறினீர்கள். நானும் நம்பினேன்.

போன வியாழக்கிழமை காலை, நமது பாடசாலையில் படித்த ஹாஜறா வந்தாள். பொத்துவிலில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். தாயையும் வீட்டையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்த பிள்ளை. இப்போது அறுகம்பேயில் ஒரு விடுதியில் படுக்கை விரிக்கிற வேலை. தாதியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை திங்கட்கிழமை. அதற்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் வேண்டும். புதிதாக எழுதித் தர நமது அதிபர் தயார், ஆனால் இடாப்பின் பக்கத்தைக் கண்ணால் காணாமல் கையொப்பம் வைக்கமாட்டார். அவர் செய்வது சரிதான், நானும் முப்பத்துநாலு வருடம் கந்தோரில் கோவை பார்த்த எழுதுவினைஞராக இருந்தவன். “அதுக்கென்ன மகள், ஒரு அமுக்குத்தானே” என்று பெருமையாகச் சொல்லி, அவளை முனாப்பின் நெட் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அமுக்கினேன். கோப்பு வரவில்லை. திரை முழுக்கக் கேள்விக்குறியும், கட்டமும், தலைகீழாக நிற்கும் எழுத்துமாக ஓடி வந்தது. சீனி டப்பாவைத் திறந்ததும் எறும்பு கிளம்புமே, அப்படி. “மெல்லமா அமுக்குங்க மாமா” என்றாள் ஹாஜறா. மெல்லமாக அமுக்கினேன், மெல்லமாக எறும்பு வந்தது. பிரிண்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்பது என் அபிப்பிராயம். முனாப் தடுக்கத் தடுக்க நான் பிரிண்ட் கொடுக்க, அந்த மெசின் ஒரு கட்டுத் தாள் முடியும்வரை எறும்பு அடித்துத் தள்ளியது, நிறுத்தவும் தெரியவில்லை, கடைசியில் முனாப் வயரைப் பிடுங்கினான். “இது வைரஸ் காக்கா, சந்தேகமே இல்ல” என்றான், என்னை இன்னும் அண்ணன் முறையில் கூப்பிடுகிறவன். ஹாஜறா ஒரு தாளை எடுத்து, அதில் எங்கேயாவது தன் பெயர் இருக்கிறதா என்று தேடினாள். அதைப் பார்த்ததும் கடை வாசலுக்கு வந்துவிட்டேன் மருமகன். உங்களுக்கு ஏழு தரம் போன் எடுத்தேன். நீங்கள் வேலைத்தலத்தில் இருந்திருப்பீர்கள், குற்றம் சொல்லவில்லை.

பிறகு றாஹிலாவுக்கு எடுத்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினா. பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, எறும்புக்கு மேலே ஆங்கிலத்தில் இருந்த இரண்டு வரியை வாசித்தா. நான் அந்த வரியைப் பார்க்கவேயில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

“வாப்பா, இவர் எழுதின புரோகிராமில முதலாவது வரியில நீங்க என்ன எழுதின?”

“நான் ஒண்டும் எழுதல்ல மகள். 786 மட்டுந்தான்.”

நடந்தது இதுதான் மருமகன். நீங்கள் போன மறுநாள் அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தலைப்பில் பிஸ்மியும் இல்லை, பிஸ்மிக்குப் பதிலாக எழுதும் 786உம் இல்லை, வெறும் அம்புக்குறியும் கேள்விக்குறியுமாகத் தொடங்கியிருந்தது. மருமகன் அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து, உச்சியில் 786 போட்டு, மரியாதைக்கு ஒரு வரி இடமும் விட்டுச் சேமித்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன்.

றாஹிலா விளங்கப்படுத்தினா. கோப்பை அனுப்ப முன்னம், தளத்தை வைத்திருக்கிற சேவர் என்ற தூரத்துக் கணினி ஒரு அறிவித்தல் அனுப்ப வேண்டுமாம்: ‘வருவது வாசிக்கிற பக்கம் இல்லை, எடுத்து வைக்கிற கோப்பு, இதன் பெயர் இது’ என்று. அதற்கு முன்னால் ஒரு எழுத்துப் போனாலும், சேவர் பக்கம் தொடங்கிவிட்டது என்று எண்ணி அறிவித்தலைக் கைவிட்டுவிடுமாம். எனக்கு உடனே விளங்கியது. முகப்புக் கடிதம் இல்லாத கோவையை எந்தக் கந்தோரும் எடுக்காது. ஆனால் 786ஐ அழிக்கச் சொன்னபோது மட்டும் எனக்குக் கை வரவில்லை. “சம்பளப் பட்டியலுக்கே போட்டவன் நான். இதுக்கு ஏன் ஏலாது?” என்று சத்தம் போட்டேன். ஹாஜறா என்னைப் பார்த்தாள். “எனக்குத் திங்கக்கிழமை மாமா” என்று மட்டும் சொன்னாள்.

நான் மௌசை விட்டுவிட்டேன். றாஹிலா 786ஐ வெட்டி, புரோகிராமுக்கு உள்ளே கொண்டுபோய், முன்னால் இரண்டு சாய்கோடு போட்டா. “சேவர் இந்த வரிய வாசிக்காது வாப்பா. வாசிக்க வேண்டியவன் வாசிப்பான்.” என் கண் கலங்கியதை முனாப் கண்டிருக்கக் கூடாது. திரும்ப அமுக்கினோம், திரும்பவும் எறும்பு! நான் மரியாதைக்கு விட்ட அந்த வெறும் வரி இன்னும் உச்சியில் கிடந்ததாம். வெறும் வரிக்கும் கோபிக்கிற சாமானை முதன்முதலாகக் காண்கிறேன். அதையும் தூக்கினா. அமுக்கினோம். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து, கோப்பை எங்கே வைக்கட்டும் என்று பணிவாகக் கேட்டது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை மரியாதையோடு எழுதவேண்டியிருக்கிறது. கோப்புக்கு நீங்கள் வைத்திருந்த பெயரை முனாப் கடை முழுக்கக் கேட்கும்படி எழுத்துக்கூட்டி வாசித்தான்: “என்... தங்கம்... றாஹிலா. ஆரு காக்கா இது?” பரீட்சித்துப் பார்க்க வைத்த பெயரை மாற்ற மறந்திருப்பீர்கள். நான் பேரப்பிள்ளையின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். ஹாஜறா அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள். நான் அந்தப் பெயரை மாற்றச் சொன்னேன். றாஹிலா காது கேளாதது போல இருந்துவிட்டா.

அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிபர் அன்றே விடுகைப் பத்திரம் எழுதினார். நேற்று ஹாஜறா நேர்முகத்துக்குப் போனாள், பத்திரமெல்லாம் சரி, செப்டெம்பரில் பயிற்சிக்கு வா என்று சொன்னார்களாம். போனில் அழுதுகொண்டே சொன்னாள். நாங்கள் வீட்டில் வட்டிலப்பம் செய்து சாப்பிட்டோம். உங்கள் பங்கையும் நான் சாப்பிட்டேன்.

ஆனால் மருமகன், எனக்கு அறுபத்தெட்டு வயது. வரி விடக் கூடாத இடத்தில் வரி விட்டு, இன்னொரு பிள்ளையின் திங்கட்கிழமையை நான் கெடுத்துவிடக் கூடாது. ஆகவே தளத்தைப் பார்க்கும் பொறுப்பிலிருந்து இன்றோடு முழுமனதாக விலகுகிறேன். கடவுச்சொல் துண்டை றாஹிலாவிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி எந்தப் பாடசாலையின் எந்த இடாப்பும் என் கைக்கு வராது. இது முடிந்த முடிவு, யாரும் என்னை வற்புறுத்த வேண்டாம்.

உங்கள் சம்பாத்தியத்திலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக. உங்கள் அறைத் தோழர்கள் அனைவருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
துஆவுடன் மாமா,
ஆ. முத்தலிப்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பாண்டிருப்பிலிருந்து கனகரெத்தினம் அதிபர் ஆட்டோவில் வந்தார். அவர்களுடைய பாடசாலை இடாப்புகளும் சுனாமித் தண்ணீர் பட்டு, கட்டிவைத்த இடத்தில் இன்னும் ஈரம் வாடாதவையாம், பதினொன்று, சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். “சண்டை முடிஞ்சு இப்பதான் எங்கட பிள்ளையள் வேலைக்கெண்டு வெளிக்கிடுதுகள் முத்தலிப், கையில ஒரு துண்டும் இல்ல. ஏலுமா?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கடவுச்சொல் துண்டையும் றாஹிலாவிடம் திரும்ப வாங்கிவிட்டேன். பதினொரு புத்தகமும் உங்கள் கட்டிலில் விரித்துக் காய்கின்றன, காற்றாடியும் அவற்றுக்குத்தான். லீவை முன்னுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். படுக்கப் பாய் வாங்கி வைத்திருக்கிறேன்.