பெஞ்சு இல்லாத வகுப்பு

அமைதிமங்கலம் என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். அதை வரைய வேண்டிய அதிகாரி இன்னும் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். அங்கே தலை நரைத்தவர்கள்கூட வெள்ளிதோறும் வகுப்புக்கு வந்தாக வேண்டும். பாடம் ஒன்றுதான்: மன்னர் ஆட்சியில் நாம் அடைந்த வளம்.

தலைநகர வகுப்பை நடத்தியவர் தேனம்மை டீச்சர். பாடம் முடிந்ததும், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார். அறுபது பேரும் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள். ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர் அவர். வீட்டுக்குப் போனதும் அழுவார்.

அவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் மூலையில் நின்றது. கேள்வி கேட்டவர் பதில் வரும்வரை நிற்க வேண்டும், வந்ததும் உட்கார வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஏரித் தண்ணீர் எங்கே போனது என்று கேட்ட குப்புமுத்து மூன்று வருஷமாக அங்கே நிற்கிறார். அரண்மனையிலிருந்து பதில் வரவில்லை. அவர் மனைவி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள்.

வகுப்பில் யாரும் பேசுவதில்லை என்று டீச்சர் கல்வி மந்திரியிடம் முறையிட்டார். பேசாதவர்களுக்கு உப்பு கிடையாது என்று ஆணை வந்தது. யாரும் பேசவில்லை. கவனம் சிதறுகிறதென்று ஜன்னல்களை அடைத்தார்கள். வியர்த்ததே தவிர யாரும் பேசவில்லை.

"ஐயா, குப்புமுத்துவை உட்காரச் சொல்லுங்க. மத்தவங்க தானா பேசுவாங்க," என்றார் டீச்சர்.

மந்திரி ஆழ்ந்து யோசித்தார். "உட்கார்ந்தால் தூக்கம் வரும் அம்மா. பெஞ்சுகளை அகற்றுகிறோம். அடுத்த வெள்ளி மன்னரே வருகிறார். அன்றும் வகுப்பு பேசாவிட்டால் குப்புமுத்து பக்கத்தில் உங்களுக்கும் இடம் ஒதுக்கப்படும்."

அந்த வெள்ளியும் வந்தது. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் மன்னர் அமர்ந்தார். அறுபது பேரும் நின்றார்கள். டீச்சர் கேட்டார்: "சந்தேகம் இருக்கா?"

மீன் விற்கும் செல்லத்தாயி மூலையைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். "எப்படியும் நின்னுக்கிட்டுத்தான இருக்கோம். நான் கேக்கறேன் டீச்சர். ஏரித் தண்ணி எங்க போச்சு?"

"உப்பை ஏன் நிறுத்துனீங்க?" என்றது இன்னொரு குரல். பிறகு அறையே கேட்டது. ஒவ்வொரு கேள்வியையும் டீச்சர் சந்தோஷமாகப் பலகையில் எழுதினார்.

"பாடத்துக்கு உட்பட்ட கேள்விகள் மட்டும்!" என்றார் மந்திரி.

"என் வகுப்பு இன்னைக்குத்தான்யா பேசுது. குறுக்க பேசாதீங்க," என்றார் டீச்சர். "மன்னா, முதல் கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

கேள்விகளை எதிர்கொண்டே பழகாத மன்னர், மந்திரி எழுதித் தருவதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டார். "அரண்மனைத் தாமரைக் குளத்துக்கு."

பதில் வந்துவிட்டது. சட்டப்படி குப்புமுத்து உட்கார வேண்டும். மந்திரி சட்ட ஏட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். வேறு வழியில்லை. மன்னர் எழுந்தார். குப்புமுத்து நாற்காலியில் சாய்ந்து, மூன்று வருஷமாக நின்ற காலை நீட்டினார்.

"மன்னருக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார் தேனம்மை டீச்சர்.

அன்று அந்த வகுப்பில் சந்தேகம் கேட்க வாய் திறக்காமல் நின்றவர் மன்னர் ஒருவர்தான்.